டிக்கியில் கல் இல்லாத நாள்

சகாயராணி டீச்சருக்கு அந்தப் பேச்சு இன்னும் வரி மாறாமல் நினைவிருக்கிறது. காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடிப் பள்ளிக்கு செல்வினின் வாடகைக் காரில் போகத் தொடங்கிய மூன்றாம் நாள் அது.

"வண்டி உயரமா இருக்கோ, டீச்சர்?" என்று கேட்டான்.

"பரவாயில்லை, தம்பி."

"இடது காலக் கையால தூக்கி வைக்கிறீக. அப்புறம் எப்படிப் பரவாயில்லைங்கிறீக?"

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்ன வயதில் போலியோ வந்த கால். அதைப் பற்றி யாரிடமும் பேசுவது அவர் வழக்கமில்லை. அவனும் விட்டுவிட்டான். கோவிலூர் தாண்டிய பிறகு, "திங்கக்கிழம பாருங்க," என்று மட்டும் சொன்னான்.

திங்கட்கிழமை கார் தரையோடு ஒட்டி நின்றது. நாலு ஸ்பிரிங்கிலும் ஒவ்வொரு சுற்றை வெட்டி எடுத்திருந்தான். டீச்சர் காலைக் கையால் தொடாமல் ஏறி உட்கார்ந்தார். மாப்பிள்ளை ரேஸுக்குக் கிளம்பிட்டார் என்று கார் ஸ்டாண்டில் கேலி செய்தார்கள். செல்வின் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெட்டின ஸ்பிரிங் ஒரே வாரத்தில் வேலையைக் காட்டியது. வேகத்தடை வந்தாலே அடியில் டம்மென்று இடித்தது. மெக்கானிக் முத்துவீரன் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கு நீ மாட்டுவண்டியே ஓட்டலாம்டா," என்றார். உயரம் குறைத்த வண்டிக்கென்றே வரும் குட்டை ஸ்பிரிங்கையும் அதற்குத் தோதான ஷாக் அப்சார்பரையும் மாட்டச் சொன்னார். இருப்பதிலேயே கெட்டியான ஸ்பிரிங்காகக் கேட்டு வாங்கினான் செல்வின். சாயங்காலம் டீச்சரை ஏற்றும்போது ஆத்தங்குடிக் கல் பட்டறையிலிருந்து பூப்போட்ட தரைக்கல்லும் டிக்கியில் ஏறும். காரைக்குடியில் வீடு கட்டுகிறவர்களுக்கு இறக்கிக் கொடுப்பான். துபாயில் ஆறு வருடம் ட்ரெய்லர் ஓட்டியவன். பாரம் ஏறினால்தான் வண்டி வண்டியாக ஓடும் என்பது அவன் கட்சி. புது ஸ்பிரிங்கையும் டிக்கி நிறையக் கல்லோடுதான் ஓட்டிப் பார்த்தான். தொட்டில் மாதிரி போனது.

தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, வண்டி எப்படி என்று கேட்பான். டீச்சரும் பரவாயில்லை என்பார். சாயங்காலத்துக்கு அது உண்மைதான். காலையில் டிக்கி காலி. பாரமில்லாத வண்டியில் ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் ஏறியது. முதல் பாடவேளை முழுக்க மேசையைப் பிடித்துக்கொண்டே நடத்தினார். தனக்காக இவ்வளவு செய்தவனிடம் இதை எப்படிச் சொல்வது? பதினேழு வருடம் மூன்றாம் வகுப்பு எடுத்த பள்ளியை விட்டுவிடலாம் என்றே முடிவுக்கு வந்து, காரைக்குடிக்கு மாற்றல் கேட்டு மனு எழுதிக் கைப்பையில் வைத்திருந்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் விடாத மழை. கல் காயவில்லை என்று பட்டறையில் கைவிரித்துவிட்டார்கள். காலி டிக்கியோடு டீச்சரை ஏற்றிக்கொண்டு திரும்பினான். முதல் வேகத்தடையில் கண்ணாடியைப் பார்த்தவன், டீச்சர் இரண்டு கையையும் ஊன்றிச் சீட்டிலிருந்து உடம்பைத் தூக்கிப் பிடித்திருந்ததைக் கண்டான். பிறகு வழி நெடுக நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினான்.

மறுநாள் முத்துவீரனை ஓட்டச் சொல்லிவிட்டு, தன் காரில் முதல்முறையாகப் பின்சீட்டில் உட்கார்ந்தான். இரண்டே பள்ளத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டானாம். கல்லை லோடு ஆட்டோவுக்கு மாற்றிவிட்டு, பின்பக்கம் இளக்கமான ஸ்பிரிங்கும், திருகித் திருகி இறுக்கம் கூட்டிக் குறைக்கிற ஷாக் அப்சார்பரும் போட்டான். டயரில் காற்றைக்கூட அளந்துதான் அடிக்கிறான். இப்போது டீச்சர் காலையில் போகிறபோதே மடியில் நோட்டுகளை வைத்துத் திருத்துகிறார். சிவப்பு மை கோணுவதில்லை. மாற்றல் மனுவின் பின்பக்கத்தில் விளையாட்டு விழாவுக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளின் பட்டியல் இருக்கிறது.

அந்த மழை நாளில் வாசலில் குடையைப் பிடித்துக் கதவைத் திறந்துவிட்டவன், அவர் முகத்தைப் பார்க்காமலே ஒன்று கேட்டான்.

"திட்டணும்னா திட்டிருங்க, டீச்சர். ஆனா வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிருங்க. நீங்க பரவாயில்லைன்னா, நானும் நெசம்னு நம்பி ஓட்டிக்கிட்டே இருப்பேன்."