அப்படி ஒருவர் இங்கே இல்லை

நான் வாழ்க்கையில் வாங்கிய ஒரே பரிசு கையெழுத்துக்காக வாங்கியது. அதுவும் இரண்டாம் பரிசு. தங்க நிற ஓரம் போட்ட அந்தச் சான்றிதழை யார் யாரிடம் காட்டியிருக்கிறேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. பெண் பார்க்க வந்தவர்களிடம் காட்டியிருக்கிறேன். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே டாக்டரிடம் அதைப் பற்றிச் சொல்ல முயன்றிருக்கிறேன். போன மாதம் வீடு மாறும்போது பெட்டியின் அடியிலிருந்து அது மறுபடி கிடைத்தது. தலையில் பாதி நரைத்த இந்த வயதில் அதைக் கண்ணாடிச் சட்டம் போடக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர், "பாப்பாவோடதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

காட்டிய அத்தனை பேரிலும் ஒரே ஒருவரிடம் மட்டும் காட்டாமல் இருந்திருக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அமீரகத்தில், அல் ஐன் நகரில் இருந்தோம். வாப்பாவுக்கு சனாயியா என்ற பட்டறைப் பேட்டையில், வண்டி உதிரிபாகம் விற்கும் கடையில் கணக்கு வேலை. அந்த ஊரில் வீட்டுக்குக் கதவு உண்டு, ஜன்னல் உண்டு, ஏசி உண்டு. விலாசம் மட்டும் கிடையாது. சைக்கிள் மணியடித்து வரும் தபால்காரரை நான் பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்திருந்தேன். கடிதம் வேண்டுமென்றால் தபாலாபீஸ் சுவரில் ஆயிரக்கணக்கில் இருக்கும் இரும்புப் பெட்டிகளில் ஒன்றை வருஷ வாடகைக்கு எடுக்க வேண்டும். அந்தப் பெட்டியின் எண்தான் விலாசம். எங்கள் பெட்டி வாப்பாவின் பெயரில் இருந்தது. ஊரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள்கூடத் தோப்பைப் பற்றி அவ்வளவு பெருமையாகப் பேச மாட்டார்கள்.

பெட்டியைத் திறந்து கடிதம் எடுத்து வருவது சாச்சாவின் வேலை. வாப்பாவின் தம்பியான அவர் எங்கள் ஹாலில்தான் படுத்துக்கொள்வார். லேபர் கேம்ப் ஒன்றை ஒட்டிய மளிகைக் கடையில் வேலை. எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லும் மனிதர். காக்கா என்று அவர் கூப்பிடும் அண்ணனிடம் மட்டும் பயம். அந்த வருஷம் அவர் மூன்று மாத லீவில் ஊருக்குப் போனார். போகும்போது பெட்டிச் சாவியை வாப்பாவிடம் கொடுத்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "அப்ப வர்றேன் காக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே பெட்டிக்குள் அந்த நீல ஏர்மெயில் கடிதம் இருந்தது. எங்கள் பெட்டி எண்தான். பெயர்தான் வேறு. சின்னையா. அனுப்பியவர் விலாசம் அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம்.

"யாரு இந்தச் சின்னையா?" என்று வாப்பா சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்தபடி கேட்டார், உம்மாதான் அவரை எங்கோ ஒளித்து வைத்திருப்பது போல.

"ஒங்க கடை ஆளா இருக்கும்."

"எங்க கடையில மூணு மலையாளி, ஒரு பட்டான். பட்டானுக்கு எவனாச்சும் சின்னையான்னு பேரு வைப்பானா?"

"அப்ப பிரிச்சுப் பாருங்க. தெரிஞ்சிட்டுப் போவுது."

"அடுத்தவன் கடுதாசியப் பிரிக்கிறது பாவம்" என்றார் வாப்பா. கடிதத்தை, அது சூடாக இருப்பது போல, ஓரத்தைப் பிடித்து அலமாரி மேல் வைத்தார்.

பாவத்துக்கு அஞ்சிய குடும்பம் நாங்கள். அன்றைக்கு ஒரு சின்னப் பாவம் செய்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வாப்பாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. பக்கத்துக் கடை மலையாளியின் பெட்டி எண்ணை யாரோ ஒருவன் தன் விலாசமென்று எழுதிக் கொடுத்து, தவணையில் டிவியும் பிரிட்ஜும் எடுத்துக்கொண்டு, ஒரே ராத்திரியில் விமானம் ஏறிவிட்டான். விற்ற கடைக்காரர்கள் போலீஸோடு வந்து நின்றது அந்த மலையாளியின் முன்னால். 'நான் அவனில்லை' என்று அரபியில் நிரூபிப்பதற்குள் அவர் பாதியாக இளைத்துவிட்டார். இந்தக் கதையை வாப்பா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் பிரிட்ஜ் கொஞ்சம் பெரிதானது.

இரண்டாவது கடிதமும் வந்தபோது வாப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. எனக்குப் பதினொரு வயது. பள்ளி நூலகத்தின் ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் ஒன்று பாக்கியில்லாமல் படித்திருந்தேன். இது ஒரு கும்பலின் வேலை என்று அறிவித்தேன். முதலில் கடிதம் வரும், பிறகு பார்சல் வரும், பிறகு போலீஸ் வரும் என்றேன். வழக்கமாக நான் பேசினால், "போய்ப் படி" என்னும் வாப்பா அன்றைக்கு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் போதுமானதாக இருந்தது.

"அப்ப என்ன செய்யலாம்ங்கிறே?"

"திருப்பி அனுப்பிடலாம் வாப்பா. மேல எழுதிக் குடுத்தா அவங்களே அனுப்பிடுவாங்க."

"நீயே எழுது. ஒனக்குத்தான் இங்கிலீஷும் வரும், எழுத்தும் முத்து முத்தா இருக்கும்."

கையெழுத்துப் பரிசு வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எழுத வேண்டுமென்று கை துடித்துக்கொண்டிருந்த காலம். சிவப்புப் பேனா எடுத்தேன். 'இந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை. அனுப்பியவருக்கே திருப்புக' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். ஸ்கேல் வைத்து, சுற்றிலும் இரட்டைக் கோட்டில் ஒரு கட்டம் போட்டேன். மூலைகளில் சின்னதாக வளைவும் வைத்தேன். பார்த்தால் அமீரக அரசாங்கமே இறங்கி வந்து முத்திரை குத்தியது போல இருந்தது.

அன்றிலிருந்து அது என் இலாகா. பள்ளியிலிருந்து என்னை அழைத்து வரும் வழியில், மணிக்கூண்டு ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் வாப்பா வண்டியை ஓரம்கட்டுவார். நிறுத்த இடம் கிடைக்காது. நான் சாவியோடு உள்ளே ஓடுவேன். எங்கள் கடிதங்களைப் பைக்குள் போடுவேன். சின்னையாவின் கடிதம் இருந்தால் அங்கேயே கட்டம் போட்டுக் கவுண்டரில் நீட்டுவேன். வண்டிக்குத் திரும்பியதும் வாப்பா கேட்பார், "வந்துச்சா?" "வந்துச்சு, அனுப்பிட்டேன்." "அல்ஹம்துலில்லாஹ்" என்று கியரைப் போடுவார்.

கடைசியாக வந்தது நீளமான, கனமான கவர். அதன் நான்கு மூலைகளிலும் மங்கலாக மஞ்சள் கறை இருந்தது. ஒரு மூலையில் என்றால் கறை; நான்கிலும் என்றால் ரகசியக் குறி. துப்பறியும் கதைகள் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது அதுதான். வாப்பாவிடம் சொல்லவில்லை. பெரிய துப்பறிவாளர்கள் எல்லாத் தடயத்தையும் உடனே சொல்வதில்லை. இந்தக் கவருக்கு மட்டும் கட்டத்தைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டேன்.

அதன் பிறகு கடிதம் வரவில்லை. கும்பல் பயந்து ஓடிவிட்டது என்று தீர்மானித்தேன்.

லீவு முடிந்து சாச்சா திரும்பி வந்தார். பனங்கற்கண்டும் கருவாடும் மணக்கும் பெட்டியைக் கீழே வைத்து, தண்ணீர் குடித்துவிட்டு, அலமாரியின் மேலே எட்டிப் பார்த்தார். பிறகு பிரிட்ஜின் மேலே பார்த்தார்.

"என்ன தேடுறே?" என்றார் வாப்பா.

"இல்ல காக்கா... நம்ம பொட்டிக்கு வேற பேருல ஏதாச்சும் கடுதாசி..."

"எந்தப் பேருல?"

"சின்னையான்னு, நம்ம கேம்ப் ஆளு. கம்பெனி பொட்டிக்கு வந்தா கடுதாசி ஃபோர்மேன் மேசையில ஒரு மாசம் கெடக்குது, பாதி காணாமப் போவுதுன்னு வருத்தப்பட்டாரு. நம்ம நம்பரைக் குடுத்தேன். ஒரு வருசமா நான்தான் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன். நீங்க ஏசுவீங்கன்னு சொல்லல."

வாப்பா என்னைப் பார்த்தார். நான் பெருமையோடு முந்திக்கொண்டு, அனைத்தையும் திருப்பி அனுப்பிவிட்டதைச் சொன்னேன். கண்டுபிடிப்புகளை வெளியிட இதுவே சமயம் என்று மஞ்சள் குறியைப் பற்றியும் சொன்னேன்.

உம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "நாலு மூலையிலயுமா?"

"ஆமா. ஒரே அளவா."

"அது கல்யாணக் கடுதாசிடி" என்று உம்மா மெதுவாகச் சொன்னார். "நல்ல சேதின்னா அவங்க மஞ்சத் தடவித்தான் அனுப்புவாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை சாச்சா சின்னையாவை வீட்டுக்கு அழைத்து வந்தார். வாப்பாதான் அழைத்து வரச் சொல்லியிருந்தார். நான் எதிர்பார்த்த கும்பல் தலைவன் ஒல்லியாக, வெயிலில் கறுத்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். கால் தூசி கம்பளத்தில் படாமல் பாதங்களை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார்.

வாப்பா மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். "பிள்ளை செஞ்சதுக்கு நாந்தான் பொறுப்பு" என்றார். நல்லது செய்த என்னை இதில் ஏன் இழுக்கிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது.

"இருக்கட்டும் பாய். ஒங்களுக்கு என்ன தெரியும்? நாலு ஊரு சேதியக் கேட்டா யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்" என்றார் சின்னையா.

பிறகு கேட்டதற்குப் பதிலாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மூத்த மகளுக்கு வரன் அமைந்திருந்தது. தேதியைக் குறித்து எழுதுங்கள், லீவு போட்டு வருகிறேன் என்று இவர் எழுதியிருக்கிறார். தேதி குறித்து அவர்கள் எழுதியது இவருக்கு வரவே இல்லை. சாச்சாவின் கடையில் போய்ப் போய்க் கேட்டிருக்கிறார். அங்கிருந்த ஆள் ஒவ்வொரு முறையும், "மாஃபி" என்று கையை விரித்திருக்கிறான். ஊரிலோ, அனுப்பிய கடிதமெல்லாம் திரும்பி வந்திருக்கிறது. போஸ்ட்மாஸ்டர், தபாலாபீஸாக இருந்த தன் வீட்டு முன்னறையில் வைத்து, சிவப்பில் இருந்ததைச் சத்தமாகப் படித்துச் சொல்லியிருக்கிறார். அங்கே படித்தால் ஊருக்கே படித்த மாதிரி. மாப்பிள்ளை வீட்டார் காதுக்கும் போயிருக்கிறது.

"நான் எழுதுற கடுதாசி அங்க போவுது பாய். எனக்கு எழுதினா, அப்படி ஒரு ஆளே இல்லைன்னு வருது. அப்ப நான் குடுத்தது கள்ள விலாசந்தானேன்னு கேட்டிருக்காங்க. கம்பெனிய விட்டு ஓடிட்டானா, ஜெயில்ல கெடந்து எழுதுறானான்னு... அவங்க பக்கமும் நெனைக்கணும்ல. பொண்ணு எடுக்குறவங்க."

"இப்ப?" என்றார் உம்மா, சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து.

"வேற எடத்துல முடிச்சிட்டாங்க தங்கச்சி."

சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு கவரை எடுத்தார். இது என்ன என்று கேட்டு, ஊரிலிருந்து, முன்பு எழுதிவந்த கம்பெனி விலாசத்துக்கே வேறொரு உறைக்குள் போட்டு அனுப்பியிருந்தார்களாம். என்னுடைய தடிமனான சிவப்புக் கட்டம். அந்த மடிப்பிலும், அத்தனை தூரம் போய் வந்தும், மை கொஞ்சம்கூடக் கலையவில்லை. மூலைகளில் மஞ்சள்தான் அநேகமாக உதிர்ந்திருந்தது.

"இது ஆத்தா எழுதினதா?" என்று என்னைக் கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

"அச்சடிச்ச மாதிரி இருக்கு. எங்க போஸ்ட்மாஸ்டரு அரபு கவர்மெண்டு முத்திரைன்னே நெனைச்சிட்டாரு."

நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் இத்தனை நேரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். உள்ளே ஓடினேன். அலமாரியைத் திறந்தேன். சான்றிதழைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினேன்.

வாப்பா, "ஏய்" என்று எழுந்தார். சின்னையா கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். இரண்டு உள்ளங்கைகளையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தங்க ஓரத்திலிருந்து கீழே இருந்த கையொப்பம் வரை, ஒன்றையும் விடாமல் பார்த்தார். பிறகு பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாப் படி ஆத்தா" என்றார். "எங்க புள்ளையும் நல்லா எழுதும். எட்டாவதோட நிறுத்திப்புட்டோம்."

உம்மா வைத்த பிரியாணியைக் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, கேம்ப் வண்டி போய்விடும் என்று கிளம்பினார். வாப்பா கீழே வரை போனார். திரும்பி வந்து, தன் கடையின் பெயர் அச்சிட்ட தாளில் அந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். எதற்கு என்று சாச்சா கேட்டதற்கு, "கல்யாணம் நடக்காட்டியும் அந்தாளு பொய்யன் இல்லைன்னு தெரியட்டும்" என்றார். உறையின் மேல் விலாசம் எழுத என்னைக் கூப்பிடவில்லை. அவருடைய கோழிக் கிறுக்கலிலேயே எழுதினார். நான் அதற்காக அழுதேன். அன்றைக்கு நான் அழுதது அதற்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு எங்கள் பெட்டி கேம்பில் கேட்டவருக்கெல்லாம் விலாசமானது. பிரிட்ஜின் மேல் அந்நியர்களின் கடிதங்கள் எப்போதும் கிடக்கும். வாப்பா ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சின்னையாவுக்கும் சில வந்தன. பிறகு அவரை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் கல்யாணம் ஆனதா என்று சாச்சாவுக்கும் தெரியவில்லை. மூலையில் மஞ்சள் தடவிய கவர் எதுவும் எங்கள் பெட்டிக்கு மறுபடி வரவில்லை. அன்றைக்குச் சின்னையாவுக்கு என் எழுத்து மிகவும் பிடித்துப்போயிற்று என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

போன மாதம் சட்டம் போட்டு வாங்கி வந்ததை உம்மாவிடம் காட்டினேன். உம்மாவுக்கு இப்போது கண் மங்கல். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் சாய்த்து வைத்துப் பார்த்தார்.

"எழுத்து அழகுதான். யாரு இல்லைன்னு சொன்னா?" என்றார். "நீ கொஞ்சம் கோணலா எழுதியிருந்தா, அந்தப் புள்ளைக்கு அப்பவே கல்யாணம் முடிஞ்சிருக்கும்."