மூன்று தளம் என்று எழுதியிருந்த வீடு

எங்கள் வீட்டுக் கந்தாயத்தை வேறு யாரோ கட்டிவிட்டிருந்தார்கள். வீட்டு வரியை பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் தெருக்காரர்கள் கந்தாயம் என்றுதான் சொல்வோம். ஏப்ரலில் கட்டினால் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கும். அப்பா இறந்த பிறகு அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனிலேயே நான் கட்டிவிடுவேன். அந்த வருடமும் துணிகளை உலர்த்திவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்து வீட்டு எண்ணைப் போட்டேன். 'இந்த ஆண்டுக்கான வரி செலுத்தப்பட்டது' என்று வந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். தம்பிதான் கட்டியிருப்பான் என்று நினைத்தேன். அவன் அத்திபெலேயில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான், குடும்பமும் அங்கேதான். என்றைக்கும் இல்லாமல் இந்த வருடம் பொறுப்பு வந்துவிட்டது போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே ரசீதைத் திறந்தேன்.

உரிமையாளர் என்ற இடத்தில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர் இருந்தது. வீட்டு எண் எங்களுடையது. தெரு எங்களுடையது. கீழே கட்டடத்தின் விவரம்: தரைத்தளம், முதல் தளம், இரண்டாம் தளம். உபயோகம், வாடகை. கட்டடத்தின் வயது, ஒரு வருடம்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். அப்பா கட்டிய இரண்டு அறை, சமையலறைக்கு மேல் சிமெண்ட் ஷீட்டு. ஷீட்டின் ஓரத்தில் அம்மா காயப்போட்ட மிளகாய் வற்றல். எங்கள் வீட்டுக்கு மாடிப்படியே கிடையாது.

மறுநாள் நான் வேலை செய்யும் கார்மெண்ட்ஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வார்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே அறுபதில் ஓய்வுபெறக் காத்திருப்பவர் போல ஒருவர் கணினி முன்னால் இருந்தார். கன்னடத்தில் ஆரம்பித்தேன். என் பேச்சைக் கேட்டுவிட்டு அவரே தமிழுக்கு மாறினார்.

"இது செல்ஃப் அசெஸ்மெண்ட் மேடம். எத்தனை சதுரடி, எத்தனை மாடி, சொந்தமா இருக்காங்களா வாடகைக்கு விட்டிருக்காங்களா, கட்டி எத்தனை வருஷம் ஆச்சு, எல்லாம் கட்டுறவங்களே எழுதறது. அவங்க எழுதினதுக்குக் கம்ப்யூட்டர் வரி போடும். நாங்க வந்து பாக்கறது அப்புறம்."

"இல்லாத மாடிக்கு எதுக்கு சார் ஒருத்தர் வரி கட்டணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரி கட்டினா ஓனர் ஆயிட மாட்டாங்க. ஆனா ஓனர் ஆகணும்னு நெனைக்கறவங்க மொதல்ல வரியத்தான் கட்டுவாங்க. மூணு மாடி, வாடகைன்னு பேப்பர்ல இருந்தா பேங்க்ல கடனும் பெருசா கெடைக்கும்." பிறகு திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பினார். "காத்தாவே மாறியிருக்கு, பாருங்க. கிரயப் பத்திரம் குடுத்து மாத்தியிருக்காங்க. நீங்க ஈசி எடுத்துப் பாருங்க. சீக்கிரம் எடுங்க."

காத்தா என்பது மாநகராட்சிப் புத்தகத்தில் இந்த வீடு இன்னார் பேரில் என்று இருக்கும் பதிவு. ஈசி என்பது வில்லங்கச் சான்றிதழ்; ஒரு மனையை யார் யாருக்கு விற்றார்கள், அடகு வைத்தார்கள் என்ற வரலாறு அதில் வரிசையாக இருக்கும். அப்பா இருந்தவரை இந்த இரண்டு வார்த்தைகளையும் நான் காதில் வாங்கியதுகூட இல்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சாதாரணமாகக் கேட்பது போல, யாராவது வீட்டைப் பார்க்க வந்தார்களா என்று கேட்டேன்.

"போன வருஷம் ரெண்டு பேரு டேப்பு வச்சு அளந்தாங்களே. சர்வேன்னாங்க. தண்ணி கேட்டாங்க, குடுத்தேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"கவர்மெண்டு ஆளுங்கன்னு நெனைச்சேன். உங்கப்பா பேரு, அவங்கப்பா பேரு, எந்த வருஷம் மனை வாங்கினது, எல்லாம் கேட்டாங்க. நல்லா மரியாதையா பேசினாங்க. நம்ம தமிழ்தான்."

ஈசி வந்தது. முப்பது வருடத்துக்கு ஒரே ஒரு பதிவு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பதிவுகள் இருந்தன. முதலாவது, அப்பா மனையை வாங்கியது. இரண்டாவது, அப்பா அதை விற்றது. விற்ற தேதி அப்பா இறந்து இரண்டு வருடத்துக்குப் பின்னால்.

இதில் சொல்ல வெட்கமான ஒன்று உண்டு. அடுத்த பத்து நாட்களும் நான் என் தம்பியைச் சந்தேகப்பட்டேன். அப்பாவின் ஆதார் அட்டை நகல் அவனிடம் இருந்தது. கூட்டு வீடு வேண்டாம், விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு தீபாவளிக்கு அவன் சொன்னதும் ஞாபகம் வந்தது. போனில் அவன் குரலில் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டே பேசினேன். கடைசியில் பத்திரத்தின் நகலை வாங்க சப் ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு அவனையும் வரச் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம்.

ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்து பிரித்தோம். பத்திரத்தில் எல்லாம் சரியாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. அப்பா பெயர், தாத்தா பெயர், கிழக்கே யார் வீடு, மேற்கே எந்தச் சந்து, எல்லாம் சரி. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கைநாட்டு. அப்பா ராணுவப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். சம்பளப் பேரேட்டில் தமிழில் அழகாகக் கையெழுத்துப் போடுவார்.

கைநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ. அலுவலகக் கேமராவில் எடுத்தது. விற்பவர் என்று அச்சிட்டு, அப்பா பெயர் போட்டிருந்தது.

தம்பி காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "அக்கா, இது பட்டறை மாமா இல்ல?"

அவர்தான். அப்பாவுடன் இருபது வருடம் ஒரே பட்டறை மேசையில் நின்று வேலை செய்தவர். அப்பாவின் பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர். தம்பி அப்படியே படியில் சாய்ந்தான். "நீதான் ஏதோ பண்ணிட்டியோன்னு இத்தனை நாளா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.  நான் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

மாமா எங்கள் வீட்டிலிருந்து நான்கு சந்து தள்ளி ஒரே அறையில் மருமகளோடு இருந்தார். மகன் உயிரோடு இல்லை. மருமகள் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வா கண்ணு, அம்மா எப்படி இருக்கு?" என்றார். நான் போட்டோ இருந்த பக்கத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். ரொம்ப நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சாட்சிக்கு ஒரு பழைய ஆளு வேணும்னாங்க. புள்ளைங்க வீட்ட விக்கறாங்க, நீங்கதான் அவருக்கு அண்ணன் மாதிரி, வந்து ஒரு கை வைங்கன்னாங்க. கார்ல கூட்டினு போயி டிபன் வாங்கிக் குடுத்தாங்க. எனக்குப் படிக்கத் தெரியாதே கண்ணு."

"மாமா, உள்ள அப்பா பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்களா?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"கூப்பிட்டாங்க."

"நீங்க?"

"எந்திரிச்சேன்." பிறகு, "பக்கத்துல இருந்தவன் முழங்கையால இடிச்சான். எந்திரிச்சேன்" என்றார்.

திட்ட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அதைக் கேட்ட பிறகு திட்டத் தோன்றவில்லை. எங்களுக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்திருந்தார். அவரிடம் வந்து நடந்ததை அப்படியே சொன்னால் போதும், உங்களைக் காப்பாற்றவும் அதுதான் வழி என்றேன். வியாழக்கிழமை காலையில் வருகிறேன் என்றார். கூட்டிப்போக நான் வருகிறேன் என்றேன். வாசல்வரை வந்து, "உங்கப்பன் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணதில்ல" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை நான் போனபோது கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் சொன்னாள்: "காலைலயே வண்டி வந்துச்சே. ரெண்டு பேரு. ஆஸ்பத்திரிக்குன்னாங்க. அவரு புதுச் சட்டை போட்டினு ரெடியா இருந்தாரு. நீங்க அனுப்பின வண்டின்னுதான் ஏறினாரு."

நான் யாரையும் அனுப்பவில்லை. வியாழக்கிழமை என்பது எனக்கும் அவருக்கும் வக்கீலுக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். இல்லை, அந்த அறைக்கு ஜன்னல் இருந்தது. அதற்கும் அடுத்த அறைக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். இப்படி ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து நான் சாப்பாட்டை விட்டேன்.

மாமா திரும்பி வரவில்லை.

வழக்குக்கு அவர் தேவையில்லை என்றார் வக்கீலம்மா. "டெத் சர்டிஃபிகேட் இருக்கு. செத்தவர் பத்திரம் எழுத முடியாது. இதுக்கு மேல ஒரு சாட்சியும் வேண்டாம்." அது உண்மைதான். கோர்ட்டில் தடையுத்தரவு கிடைத்தது. தீர்ப்பு வரும்வரை வீட்டை யாரும் தொடக் கூடாது. காத்தாவில் 'தகராறில் உள்ளது' என்று குறித்தார்கள். போலீசிலும் புகாரைப் பதிவு செய்தார்கள். பத்திரத்தில் வாங்கியவரின் விலாசம் ஒரு மூடிக்கிடந்த ஜெராக்ஸ் கடை. அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் யாரென்று தெரிந்த ஒரே ஆளான மாமாதான் முதல் குற்றவாளி ஆனார். புகாரில் கையெழுத்துப் போட்டவள் நான்.

மாடி விஷயத்துக்கும் ஒரு மனு கொடுத்தேன். வார்டு ஆபீசிலிருந்து ஒருவர் வந்து ஷீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். வழக்கு முடியாமல் வரி மதிப்பீட்டைத் திருத்த முடியாது என்று கடிதம் வந்தது. ஆக, காகிதத்தில் எங்கள் வீடு இன்னும் மூன்று தளம்தான். வேலைக்குப் போகும்போது சில நாள் சந்து முனையில் நின்று திரும்பிப் பார்ப்பேன். எங்களுடையதை இடித்துவிட்டு யாரோ மூன்று தளம் கட்டி முடித்து, குடிவைத்து, வயதும் எழுதிவிட்டார்கள்; நாங்கள்தான் தகவல் தெரியாமல் உள்ளே சமைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றும்.

ஒரு மாலை மாமாவின் மருமகள் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அவரு எங்கன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா? நீங்கதான் எங்கயோ பத்திரமா வச்சிருக்கீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. இருந்தா சொல்லிடுங்க, நான் வந்து கூட்டினு போவமாட்டேன். சாப்பிடறாரான்னு மட்டும் சொல்லுங்க."

தெரியாது என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. காணாமல் போனவர் என்று புகார் கொடுக்கப் போகிறாளாம், ஸ்டேஷனில் போட்டோ கேட்கிறார்களாம். வீட்டில் இருப்பதெல்லாம் கல்யாண ஆல்பத்தில் தூரத்தில் தெரிகிற முகம். "உங்க கேஸ் பேப்பர்ல அவரு படம் இருக்குன்னாங்க."

உள்ளே போய் அந்தப் பக்கத்தின் நகலை எடுத்தேன். போட்டோவுக்குக் கீழே அப்பா பெயர் இருந்தது. கத்தரியால் அதை நீக்கி, முகத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தேன். அவள் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா நானும் தம்பியும் மாறி மாறிப் போகிறோம். போன முறை என் முறை. தேதியைத் தள்ளி வைத்த பிறகு, வக்கீலம்மா அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். நான் தாழ்வாரத்தில் பையை மூடிக்கொண்டிருந்தேன். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும்.

"நல்லா இருக்கீங்களா?" என்றார், ரொம்ப நாள் பழகினவர் மாதிரி. நம்ம தெருத் தமிழ். "அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லையா? வாசல்ல தண்ணி தெளிக்கறப்ப நொண்டினு வராங்களே."

"நீங்க யாரு?"

"அவசரமில்லக்கா. கோர்ட்டு வேலை மெதுவாதான் ஆவும். நாங்க காத்திருப்போம்." சிரித்தார். அந்தச் சிரிப்பில் துளி கோபம்கூட இல்லை. லிஃப்ட் இருந்தும் படியில் நிதானமாக இறங்கிப் போனார்.

வக்கீலம்மாவைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். எந்த நேரம், என்ன சட்டை, என்ன வார்த்தை என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். வீட்டுக்கு வந்ததும், நாளையிலிருந்து வாசல் தெளிக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஏன், எனக்கு என்ன கேடு? முட்டிதானே வலிக்குது" என்றாள் அம்மா.