நான்காம் வார்டிலிருந்து வந்த கடிதம்

மசுயோ ஜப்பானில் சன்ஜோ நகரத்து அச்சகம் ஒன்றில் பதினான்கு வருடமாக எழுத்துக் கோக்கிறவள். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இயந்திரத்துக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆயிரக்கணக்கான எழுத்துகளை வார்டு வார்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கதவு எண் கொடுத்து, தலையணை அளவுக்குப் புத்தகம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து நான்கு இலக்கம் தட்டினால் ஓர் எழுத்து விழும். இரண்டே வருடத்தில் மசுயோ அந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டாள். தபால்காரருக்கு வீடுகள் தெரிகிற மாதிரி அவளுக்கு எழுத்துகள் தெரியும்.

அதில் அவளுக்கு அலுக்கவே அலுக்காத ஆச்சரியம் ஒன்று உண்டு. பிள்ளைகள் முதலில் படிக்கும் ஒலியெழுத்தான ஹிராகனா முழுக்க நான்காம் வார்டில் இருக்கிறது. மழலை வகுப்பில் பிள்ளைகள் கத்திக் கத்திச் சொல்லும் அதே வரிசையில், எண்பத்து மூன்று கதவுகள். பெரியவர்கள் அதோடு கலந்து எழுதும் சீன எழுத்துகளெல்லாம் பதினாறாம் வார்டுக்கு மேலேதான். இப்படி அடுக்கியவர் யாரோ, அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பாள்.

1996 பிப்ரவரியில், ஆண்டிஸ் மலையில் அவள் கணவன் இசாவோ சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த அணைக்கட்டில் மலை சரிந்தது. உள்ளே முப்பத்தொரு பேர்; இசாவோ அவர்களில் ஒருவனா என்று தெரியவில்லை. தொலைபேசிக் கம்பி அறுந்துபோயிற்று. டோக்கியோ தலைமை அலுவலகம் ஆறு நாளாக "விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்றே சொன்னது. வீட்டில் உட்கார முடியாமல்தான் அவள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் காலை அச்சகக் கணினிக்கு, அணைக்கட்டு வேலைக்காரர்கள் தங்கும் முகாமின் முகவரியிலிருந்து, முந்தின நாள் தேதியோடு ஒரு மின்னஞ்சல் வந்தது. முதலாளி ஹொஷினோ அதைத் தாளில் எடுத்தார். ஒரு ஜப்பானிய எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும், இடையிடையே டாலர் குறிகளுமாகப் பக்கம் முழுக்கக் குப்பை. பக்கத்து மேசை ரிட்சு சும்மா இருக்க மாட்டாமல், "மாமா சம்பளத்தை இதுலயே அனுப்பிட்டாரு போலக்கா" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயைப் பொத்திக்கொண்டாள்.

கம்பி அறுந்த முகாமிலிருந்து யாராவது கீழே ஊருக்கு இறங்கி வந்துதான் அனுப்பியிருப்பார்கள், மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், இரண்டு நாளில் வந்துவிடும் என்றார் முதலாளி. இன்னும் இரண்டு நாளா? மசுயோ தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

நடந்தது அவளுக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. 'இனி வருவது ஜப்பானிய எழுத்து' என்று சொல்லும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றை, வழியில் ஏதோ ஒரு கணினி வேண்டாததென்று உதிர்த்துவிட்டது. அது போனதும் வார்டு எண்ணும் கதவு எண்ணும் ஆங்கிலக் குறிகளாக வேஷம் போட்டுக்கொண்டு நிற்கின்றன. எழுத்து ஒன்றுகூடத் தொலையவில்லை. பாதி உலகத்தைத் தாண்டி எல்லாம் வரிசை கலையாமல் வந்திருக்கின்றன. அந்த நிலையிலும் அவளுக்கு மெய்சிலிர்த்தது.

ஆனால் இதை முகாம் அலுவலகமே அனுப்பியிருக்கலாம். இசாவோ எழுதியதா, இசாவோவைப் பற்றி எழுதியதா? பென்சிலை எடுத்தாள். அனுப்பும்போது ஒவ்வோர் எண்ணோடும் முப்பத்திரண்டைக் கூட்டுவார்கள், அதைக் கழிக்க வேண்டும். மனப்பாடமான கணக்குதான், அன்று கழித்த எண்ணையே திரும்பத் திரும்பக் கழித்து ஓர் எழுத்தும் தேறவில்லை.

அப்போதுதான் அந்த டாலர் குறிகளைக் கவனித்தாள். நான்கோடு முப்பத்திரண்டைக் கூட்டினால் முப்பத்தாறு. கணினியின் ஆங்கில எழுத்துக் கணக்கில் முப்பத்தாறாம் எண் டாலர் குறி. நான்காம் வார்டு. விரலை வைத்துக்கொண்டு இரண்டிரண்டாக நகர்ந்தாள். டாலர், மறுபடி டாலர், மறுபடியும் டாலர். வரி ஓரத்தில் அந்த உதிர்ந்த குறி விட்டுப்போன மிச்சங்களையும் முற்றுப்புள்ளிகளையும் விட்டால் கடைசி வரை ஒவ்வோர் இணையும் டாலரில்தான் தொடங்கியது. சீன எழுத்து ஒன்றுகூட இல்லை.

எந்த அலுவலகமும் அப்படி எழுதாது. சாவுச் செய்தியை அடுக்கடுக்காய்ச் சீன எழுத்து வைத்து, மரியாதையாகத்தான் எழுதுவார்கள். ஹிராகனாவைத் தட்டிவிட்டு, அதைச் சீன எழுத்தாக மாற்றும் விசையை அழுத்தக்கூடப் பொறுமையில்லாமல், ஆறு வயதுப் பிள்ளை மாதிரி எழுதி அனுப்புகிற ஐம்பது வயது மனுஷன் அந்த முகாமில் ஒருவன்தான். அதற்காக அவனோடு எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறாள்.

தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். முதலாளி பயந்துபோய், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"இன்னும் படிக்கலை, முதலாளி," என்றாள் மசுயோ. "உயிரோட இருக்காரு."