கிடர்பூர் வீட்டு வெள்ளிக்கிழமை ஜெபம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இதை எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்துபோன வருடங்கள் பல. நடந்ததில் என் தப்பும் இருக்கிறது. அந்தக் கூச்சம்.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்கத்தாவில், கிடர்பூரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் உபவாச ஜெபம். நடத்துகிற தமிழ் பாஸ்டர் வெளியே கிராமங்களுக்கும் ஊழியத்துக்குப் போவார். அந்தக் குளிர்காலத்தில் ஒரு கிராமத்தில் அவரை மறித்து அடித்தார்கள். இடது கை முறிந்தது. கல்கத்தாவிலும் விடமாட்டோம் என்று மிரட்டி அனுப்பினார்கள். கட்டுப்போட்ட கையோடு அடுத்த வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். "ஜெபத்துல தூங்கிட்டேன்னா எழுப்பிவிடுங்கம்மா" என்றார். அவ்வளவு அசதி.

என் வீட்டுக்காரர் பயந்தார். "ஏட்டி, செருப்பையெல்லாம் உள்ள எடுத்து வையி. வாசல்ல கெடந்தா ஆள் கூடியிருக்குன்னு தெரிஞ்சிரும்." எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். ஜன்னலைச் சாத்தினேன். பாட்டே வேண்டாம் என்றவளும் நான்தான்.

அதுவே வினையானது. பாட்டுச் சத்தம் கேட்டவரைக்கும் சும்மா இருந்த சந்துக்காரர்களுக்கு, சத்தம் நின்றதும் சந்தேகம் வந்தது. நாலாவது வாரம் ஏழெட்டுப் பேர் கதவை இடித்தார்கள். "உள்ளே என்ன ரகசியம்? அந்தப் பாதிரியை வெளியே அனுப்பு!"

முழங்காலில் விழுந்தேன். "அப்பா, என் புத்திகெட்ட வேலையால் இவர் சாகக்கூடாது. உயிரோடு வீடு போய்ச் சேரட்டும்."

பாஸ்டரே எழுந்து கதவைத் திறந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிர்வீட்டு வங்காளி அம்மா வந்தார்; பெரியம்மா என்கிற மாதிரி எல்லாரும் அவரை மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூட டீச்சர். வங்காள மொழியில் என்னைத்தான் முதலில் திட்டினார். "ஏன் பாட்டை நிறுத்தினே? வீட்டுல யாருக்கு என்ன ஆச்சோன்னு நான் தவிக்கிறேன்! பாடு." பிறகு வாசற்படியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வெளியே நின்றவர்களைப் பார்த்தார். "நீங்களும் உட்காருங்கடா. எங்கிட்டப் படிச்சப்போ ஒருநாளாவது சும்மா உட்கார்ந்திருக்கீங்களா?"

அவரைத் தாண்டி உள்ளே வர ஒருவருக்கும் துணிவில்லை. நாங்கள் பாடினோம். சுருதியே சேரவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மாஷிமா பாஸ்டரை பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

மறுவாரம் பாஸ்டர் அதே கிராமத்துக்குப் புறப்பட்டார். போகாதீர்கள் என்று அழுதேன். "அங்க ரெண்டு குடும்பம் காத்திருக்குதும்மா" என்றார்.

அதன்பின் நான் ஒளிந்து ஜெபித்ததில்லை. பயம் இன்றும் வரும். பயந்தபடியே கேளுங்கள், கேட்கிற தேவன் அவர்.

இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் கூட்டிச் சொல்லாதீர்கள். அடித்தவர்கள் மனந்திரும்பினார்கள் என்று சேர்க்க வேண்டாம், அப்படி நடக்கவில்லை. ஒரு மனுஷன் அன்று உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார். அதைத்தான் கேட்டேன். அதைக் கொடுத்தார்.