அடுப்பெரிந்த மேடு

எங்கள் வம்சத்தில் எவருக்கும் ஒரு சாண் நிலம் சொந்தமாக இருந்ததில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதென்று கிளம்பியவர் சித்தப்பா. கல்யாணமான கையோடு, செஞ்சி ராஜகிரி மலையடியில் புறம்போக்கு மேடு ஒன்றைப் பார்த்துக் கூரை போட்டுவிட்டார். அடுப்பெரிந்தால் வீடு, எரியாவிட்டால் வெறும் கொட்டாய், யாரும் பிரித்துப் போடலாம் என்பது எங்கள் பக்கத்து எழுதாத சட்டம். அதனால் சமைக்க ஒன்றுமில்லாத நாளிலும் சித்தி வெந்நீராவது வைப்பாள். செஞ்சிக் கோட்டையைப் பிடித்த ராஜாக்கள் யாரும் பட்டாவுக்காகக் காத்திருந்ததில்லை. சித்தப்பா காத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு டிவியில் பழைய கௌபாய் படம் ஒன்றைத் தமிழில் போட்டார்கள். வெள்ளைக்காரன் ஒருவன் பெண்டாட்டியோடு கூண்டு வண்டியில் வந்து, ஆளில்லாத இடமாகப் பார்த்து மரவீடு கட்டினான். எல்லோரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க, சித்தப்பாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"மொதல்ல அடுப்ப மூட்டுடா! பொக வர்ட்டும்!"

சொன்னது காதில் விழுந்ததுபோல அந்த வெள்ளைக்காரியும் மூட்டினாள். பிறகு தலையில் இறகு செருகிய ஆட்கள் குதிரைகளில் வந்தார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று படத்தில் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகச் சுடப்பட்டு விழ விழ நான் கைதட்டினேன். சித்தப்பா விசிலடித்தார்.

மழை பிடித்த முதல் வாரம் நான் சித்தி வீட்டில் இருந்தேன். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் மனைவியோடும் மந்தையோடும் நனைந்தபடி மேடேறி வந்தார். வீட்டைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இன்னாப்பா இது? மழைக்கு வருசா வருசம் நாங்க பட்டி போடற எடமாச்சே. கீழ எல்லாம் பயிரு நிக்குது."

"பட்டா வச்சிருக்கியா?" என்றார் சித்தப்பா.

"இல்லியே. நீ வச்சிருக்கியா?"

சித்தப்பா உள்ளே திரும்பி, "அடுப்ப மூட்டு" என்று சித்தியிடம் சொன்னார்.

ஈர விறகு. கண்ணைக் கசக்கியபடி சித்தி ஊதினாள். கூரை வழியே புகை கிளம்பியது. பெரியவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். சித்தி கொடுத்த சொம்பில் பாதியைக் குடித்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். பிறகு ஆடுகளைத் திருப்பிக்கொண்டு மழையோடு இறங்கிப் போனார். பிறந்து நாலைந்து நாள்கூட ஆகாத குட்டி ஒன்று அந்த அம்மாளின் முந்தானைக்குள் இருந்தது.

சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. எனக்கு ஏமாற்றம்தான். இருந்தாலும் ஜெயித்தது நம் ஆளாயிற்றே என்று பலமாகக் கைதட்டினேன்.

அதுவரை என்மேல் விரல்கூட வைக்காத சித்தப்பா, ஓங்கி ஓர் அறை விட்டார். அன்று அவர் சாப்பிடவும் இல்லை. படத்தில் கைதட்டியபோது விசிலடித்தவர் இப்போது ஏன் அடிக்கிறார் என்று விளங்காமல், பாவாடையில் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதேன்.