மரேத்தாவின் கடை மூடாத நேரம்

சமோவா அரசாங்கம் ஒருநாள் சிறு வணிகர்களின் துன்பத்தைக் கண்டு மனம் உருகியது. அது உருகிய நாளிலிருந்து மரேத்தாவுக்குத் தூக்கம் போயிற்று.

அதற்கு முன்பு அவள் ஒழுங்காகத் துன்பப்பட்டுக்கொண்டிருந்தவள்தான். வருஷத்துக்கு ஒருமுறை தன் சவாயித் தீவிலிருந்து கப்பலேறித் தலைநகர் அபியாவுக்குப் போவாள். கடை உரிமத்தைப் புதுப்பிக்க ஜன்னல் ஜன்னலாக நிற்பாள். எந்த எழுத்தருக்குத் தேங்காய்ப்பால் பன் பிடிக்கும், எவர் சர்க்கரை வியாதிக்காரர் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வரிசையில் ஒன்றுவிட்ட தங்கைகளைப் பார்த்து ஊர்க்கதை பேசுவாள். முத்திரை விழுந்ததும் திரும்பிவிடுவாள். இந்தக் கொடுமையிலிருந்து அவளை விடுவிப்பது என்று முடிவாயிற்று.

புதுச் சட்டம் ரொம்ப எளிது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கணினியில் ஒரே ஒரு பதிவு போதும். கடை எப்போது திறந்திருக்கும் என்பதை வணிகரே சொல்லலாம், அரசாங்கம் அப்படியே நம்பும். எவ்வளவு நம்புகிறது என்று பார்க்க, சொன்ன நேரத்துக்குள் ஒருநாள் ஓர் அதிகாரி சொல்லாமல் வருவார். கடை திறந்திருந்தால் பதிவு உறுதியாகும். மூடியிருந்தால் அழிந்துபோகும். பதிவில்லாத கடையில் மாவு வண்டி மூட்டை இறக்காது. மாவு இல்லாவிட்டால் பன் இல்லை. பன் இல்லாத மரேத்தா கடை வெறும் தகரக் கொட்டகை.

பதிவுக்காக அபியாவிலிருந்து ஒரு பெண் தேவாலயக் கூடத்தில் கணினியோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கடை எப்பம்மா திறப்பீங்க?"

"விடியறதுக்கு முந்தி. பன் சூடா போகணும்ல."

"எப்ப மூடுவீங்க?"

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம்."

"நடுவுல மூடுறது உண்டா?"

"எதுக்கு மூடணும்? நான் என்ன பேங்க்கா நடத்துறேன்?"

கூடமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று தட்டினாள்.

மரேத்தா பொய் சொல்லவில்லை. சாயங்காலம் சங்கு ஊதியதும் ஊர் மொத்தமும் வீட்டுக்குள் போய் ஜெபத்துக்கு உட்காரும். மறுபடி சங்கு ஊதும்வரை தெருவில் கோழிகூட யோசித்துத்தான் நடக்கும். மரேத்தாவின் ஷட்டரும் அப்போது இறங்கும். ஆனால் அதைக் கடை மூடுவது என்று அந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. கண் சிமிட்டுகிறவனை யாராவது தூங்கினான் என்பார்களா? அபியாப் பெண்ணும் இதே மண்ணில் ஜெபம் செய்து வளர்ந்தவள். அவளுக்கும் தோன்றவில்லை.

பக்கத்து ஊர் சிமியின் கடைக்கு அதிகாரி வந்தபோதுதான் எல்லாருக்கும் தோன்றியது. அவர் வந்தது ஜெப நேரத்தில். இறங்கிய ஷட்டரைப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் மாவு வண்டி, கடன் கொடுத்தவன் வீட்டைத் தாண்டுகிறவனைப்போல் சிமியின் கடையைத் தாண்டிப் போயிற்று.

மரேத்தா அபியாவுக்குப் போன் போட்டாள். தேனாக ஒரு குரல் பேசியது.

"தாராளமா திருத்தலாம்மா. பழைய பதிவை ரத்து பண்ணிட்டுப் புதுசா போடணும். அது உறுதியாகிற வரைக்கும் கடையைத் திறக்கக் கூடாது."

"எவ்வளவு நாளுப்பா?"

"அது சொல்ல முடியாது. நடுவுல மூடுறதுக்குக் காரணம் என்னம்மா? பழுதுபார்ப்பு, சரக்குக் கணக்கு, விடுமுறை, மற்றவை. இதுல எது?"

"ஜெபம்."

"அப்ப மற்றவை. மற்றவைன்னா மேலதிகாரி ஒப்புதல் வேணும்."

ஜெப நேரத்தில் கடையைத் திறந்து வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு அந்த ஊர்ச் சபையைத் தெரியாது. போன வருஷம் ஒரு வீட்டுப் பெண் சங்கு ஊதிய பிறகு கொடியிலிருந்து துணி எடுத்தாள். அபராதம் ஒரு பன்றி. போதாக்குறைக்கு, அந்தச் சபையில் உட்காருகிறவர்களில் ஒருவர் மரேத்தாவின் அண்ணன் லாவெயா. குடும்பத்துத் தலைவர் பட்டம் அவருடையது. தங்கை என்று பார்த்தால் ஒரு பன்றிக்கு இரண்டாகப் போடுவார்.

"அண்ணே, ஜெபத்தைக் கொஞ்ச நாளைக்குச் சுருக்கமா வச்சுக்கலாமா?"

"ஏன்? ஆண்டவர்கிட்டப் பேசுறது தந்தி அடிக்கிற மாதிரியா? சொல்லுக்கு இவ்வளவுன்னு அவரு காசா கேக்குறாரு?"

அதன்பிறகு மரேத்தாவின் சாயங்காலங்கள் இப்படித்தான் கழிந்தன. சங்கு ஊதும். ஷட்டரை இறக்கிவிட்டு, பாயில் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடிப் பட்டை வழியாக ஒரு கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு ஜெபம் செய்வாள். 'எங்கள் பாவங்களை மன்னியும்' என்று வாய் சொல்லும். 'யாரும் வரவேண்டாம்' என்று மனசு சொல்லும். எது முதலில் மேலே போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

ஒருநாள் வெள்ளைக் கார் வந்தது.

ரோட்டோரம் காவலுக்கு உட்கார்ந்திருந்த இளைஞர்கள் எழுந்து கையை நீட்டினார்கள். அவர்களுக்குத் தலைவன் செஃபோ, மரம்போல் வளர்ந்தவன். காரிலிருந்து இறங்கியவர் சிவப்பு மண்ணில் கால் வைத்ததுமே தப்பு புரிந்து தலையில் கை வைத்தார். கப்பல் தாமதம், நேரம் பார்க்கவில்லை என்று ஏதோ சொன்னார்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம் சார். இப்ப வெளிய நிக்கக் கூடாது. இந்த வீட்டுக்குள்ள போயி உக்காருங்க."

அந்த வீடு மரேத்தாவுடையது.

யெரேமியா என்ற அந்த அதிகாரி சம்மணமிட்டு உட்கார்ந்தார். மடியில் பை. பைக்குள் டேப்லெட். மூடிய கடை, கையெட்டும் தூரத்தில். பாட்டின் இரண்டாம் சரணத்தில் அவர் கை மெல்லப் பைக்குள் போயிற்று. குடும்ப ஜெபத்தை நடத்திக்கொண்டிருந்த லாவெயா பாட்டை நிறுத்தாமலே ஒரு பார்வை பார்த்தார். கை திரும்பி வந்தது.

மரேத்தா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பாட்டு முடிந்தால் அண்ணன் ஜெபம். அது எவ்வளவு நீண்டாலும் முடியத்தான் போகிறது. முடிந்ததும் இவர் 'மூடியிருந்தது' என்று தட்டப் போகிறார். லாவெயா அன்றைக்கு அரசாங்கத்துக்காக வேண்டினார். பிறகு அதன் ஊழியர்களுக்காக, அவர்கள் ஏறிவரும் கப்பல்களுக்காக, அவை நேரத்தோடு வரவேண்டும் என்பதற்காக வேண்டினார். வாழ்க்கையில் முதன்முறையாக, அண்ணன் ஜெபம் முடியவே கூடாது என்று மரேத்தா வேண்டிக்கொண்டாள்.

சங்கு ஊதியது. யெரேமியா டேப்லெட்டை எடுத்தார். அதற்குள் வாசலில் செஃபோ.

"சார், ஜெப நேரத்துல கார் ஓட்டினா ஒரு பெட்டி மீன் டின். இன்னிக்கே குடுக்கணும். குடுக்காம போனா கார் இங்கேயே இருக்கும்."

"குடுக்கிறேன்பா, தப்புதான். எங்க கிடைக்கும்?"

"மரேத்தா அத்தை கடைதான்."

யெரேமியாவின் முகம் சுருங்கியது. "வேலையா வந்த இடத்துல, பதிவு உறுதியாகாத கடையில நாங்க எதுவும் வாங்கக் கூடாது. பக்கத்துல வேற கடை?"

"சிமி கடை இருந்துச்சு," என்றார் லாவெயா, மிக மரியாதையாக. "தாங்கள்தான் அழிச்சீங்க."

மரேத்தா எழுந்து போய் ஷட்டரைத் தூக்கினாள். முதல் தடவை பாதியில் நின்றது, இரண்டாவது தடவைதான் ஏறியது. விளக்கு எரிந்தது. மீன் டின் பெட்டிகள் அடுக்கடுக்காக, ஞாயிறு உடுப்புப் போட்டவைபோல் நின்றன.

"நான் வந்தப்ப மூடியிருந்துச்சு," என்றார் யெரேமியா, தமக்குத்தாமே.

"ஜெபத்துல இருந்தோம் தம்பி. நீங்களும்தான் இருந்தீங்க."

அவர் ஷட்டரைப் பார்த்தார். காரைப் பார்த்தார். காரில் சாய்ந்து நின்ற செஃபோவைப் பார்த்தார். பிறகு 'கடை திறந்திருக்கிறது' என்று தட்டி, வெளிச்சத்தோடு ஒரு படமும் எடுத்தார். பதிவு உறுதியாயிற்று. உடனே ஒரு பெட்டி வாங்கி, ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டார். பெட்டி செஃபோவின் தோளில் ஏறிச் சபைக்குப் போயிற்று.

மரேத்தா மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். யெரேமியாவுக்கோ மனம் உருகிவிட்டது.

"உங்க கஷ்டம் புரியுதுக்கா. நான் சும்மா விடப்போறதில்லை. ஜெப நேரத்துக்குப் படிவத்துல தனியா ஒரு கட்டம் வைக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதறேன். எல்லாரும் புதுசா பதிஞ்சுக்கலாம்."

மரேத்தா மூட்டையிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"எல்லாருமா? நானுமா?"

"ஆமாக்கா. முதல்லேர்ந்து, சுத்தமா."

"தம்பி, எழுதாதீங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

மறுநாளுக்கென்று வைத்திருந்த பன்களை எல்லாம் அள்ளிப் பையில் போட்டு, காரின் ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்தாள். யோசிக்கிறேன் என்றார் அவர். யோசிக்கவும் வேண்டாம் என்றாள் மரேத்தா.