எருமப்பட்டியின் வானொலி மனைவி

காலை ஏழரை மணிக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் நாமக்கல் வண்டி ஏறினேன். வானொலியின் வரலாற்றைத் தோண்டியெடுத்து ஆவணப்படம் ஆக்குவது என் பிழைப்பு. மடியில் கேமரா பை. கைப்பேசியில் ஒன்பது நிமிட ஒலிப்பதிவு. எண்பதுகளின் பண்ணை நிகழ்ச்சி ஒன்றில் இருவர் கணவன் மனைவியாகப் பேசிக்கொள்வது. அதில் மிஞ்சியது இது ஒன்றுதான். மனைவியாகப் பேசிய சம்பூர்ணம் அம்மாள் எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவர் சம்மதித்தால்தான் படம். இல்லையென்றால் இரண்டு வருட அலைச்சல் பாழ்.

நாமக்கல்லில் டீ பதினைந்து ரூபாய். சர்க்கரையைக் கொட்டிக் கெடுத்திருந்தார்கள். அங்கிருந்து இன்னொரு பேருந்தில் எருமப்பட்டி. பிறகு ஆட்டோ, நூறு ரூபாய்.

"ரேடியோக்காரம்மா ஊடுங்களா?" என்றார் ஆட்டோக்காரர். "அவீங்க ஊட்டுக்காரருகிட்ட மட்டும் ரேடியோப் பேச்சு எடுத்துறாதீங்க. அந்தம்மா ரேடியோவுல வேற ஒருத்தர மாமான்னு கூப்பிட்டாங்கல்லங்க, அப்பெல்லாம் அந்த நேரம் பாத்து ரேடியோவ நிறுத்திப்போடுவாரு."

நல்ல சகுனம்தான், போங்கள்!

பதினோரு மணி. கோழிக் கொட்டகை ஓரமாக நாற்காலி போட்டார்கள். சம்பூர்ணம் அம்மாள் மோர் கொடுத்தபடியே சொன்னார்: "எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா இவீங்க ஒருக்கா அந்த ரேடியோப் பேச்சைக் கேக்கோணும். அதுக்கப்பறந்தான் நான் ஒத்துக்குவேன்." கணவர் பழனியப்பன் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பதிவை ஓடவிட்டேன்.

"ஏம்புள்ள, கோழி சுணங்கிப் படுக்குதே, என்ன பண்றது?" என்றது ஆண்குரல்.

"மொதல்ல அதைத் தனியாப் பிரிச்சு உடுங்க மாமா" என்றது பெண்குரல்.

ஒன்பது நிமிடமும் இதேதான். அவர் யோசனை கேட்பார், இவர் சொல்லுவார். நடுவில் இருவரும் சிரிப்பார்கள்.

பழனியப்பன் முகம் சுருங்கிப்போயிற்று. "எங்கிட்ட ஒருநாளாச்சும் இப்படிப் பேசியிருக்கறயா புள்ள?"

"அந்த மனுசன் யோசனை கேட்டாருங்க, சொன்னேன். நீங்க எப்பங்க எங்கிட்ட ஒரு யோசனை கேட்டீங்க?"

அம்மாடி! படம் போச்சு என்று கேமரா பையை மூடிக்கொண்டு எழுந்தேன்.

"இருங்க தம்பி" என்றார் பழனியப்பன். தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். "ஏம்புள்ள, இதைப் படத்துல போடலாங்கறயா? நீ என்ன நெனைக்கற?"

அம்மாள் காலி மோர் டம்ளரை எடுத்துக்கொண்டார். "போடட்டுங்க" என்றார்.

மூன்று மணிக்கு நாமக்கல்லில் சேலம் வண்டி கிடைத்தது, ஜன்னலோர இருக்கையோடு. சம்மதமும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மனிதர் மனைவியிடம் யோசனை கேட்டது எதிலும் பதிவாகவில்லை. வருத்தமில்லை என்றால் பொய். ஆனாலும் அது யார் காதில் விழவேண்டுமோ அவர் காதில் விழுந்துவிட்டது.